செம்பு: வெப்பத்தால் நேரும் மாற்றங்கள்

செம்பு (தாமிரம்) அறை வெப்பநிலையில் திண்மமாக இருக்கும் உலோகம்; அணு எண் 29. இது 1084.62 பாகை செல்சியஸில் உருகும். ஏறத்தாழ 2,560 பாகையில் கொதிக்கும். தூய செம்பு ஏற்கும் வெப்பம் அதன் வெப்பநிலையை உயர்த்தும், அல்லது நிலையை மாற்றும்.

வெப்பநிலை உயர்வு

ஒரு கிலோ செம்பின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 385 ஜூல் போதும். அதே எடையுள்ள தண்ணீருக்கு ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டும். வெப்பம் கடத்துவதில் உலோகங்களுள் வெள்ளிக்கு அடுத்த இடம் செம்புக்கு. சூடேறும்போது அணுக்களின் அதிர்வு மிகுந்து இடைவெளி கூடுகிறது. ஒரு மீட்டர் கம்பி 100 பாகை சூடேறினால் சுமார் 1.7 மில்லிமீட்டர் நீளும். மின்தடையும் பாகைக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு ஏறும். அடித்து அடித்து இறுகிய தகட்டைப் பழுக்கக் காய்ச்சினால் உள்ளே புதிய படிகங்கள் தோன்றித் தகடு மீண்டும் இளகும். இரும்பு 912 பாகையில் படிக அமைப்பு மாறுகிறது; செம்பு உருகும் வரை ஒரே அமைப்பில் இருக்கிறது. காற்றில் காய்ச்சிய செம்பு கறுப்பது நிலைமாற்றம் அன்று, ஆக்சிஜனுடன் சேரும் வேதிமாற்றம்.

உருகுதலும் ஆவியாதலும்

உருகத் தொடங்கியதும் வெப்பநிலை ஏறாமல் நின்றுவிடுகிறது. படிகக் கட்டு குலைய ஒரு கிலோவுக்குச் சுமார் 2 லட்சம் ஜூல் வேண்டும். கடைசித் துண்டும் உருகிய பிறகே வெப்பநிலை மீண்டும் ஏறும். முழுவதும் ஆவியாக்க ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 47 லட்சம் ஜூல் தேவை. அறை வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராமாக உள்ள அடர்த்தி, உருகிய நிலையில் 8.02 கிராமாகக் குறைகிறது. அதனால்தான் வார்ப்பு உறையும்போது சுருங்குகிறது; வார்ப்பவர்கள் அச்சில் கூடுதல் உலோகத்துக்கு இடம் வைக்கிறார்கள்.

உருகுநிலையை அளந்த வரலாறு

செர்பியாவின் பெலோவோடேயில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே தாதுவிலிருந்து செம்பை உருக்கிப் பிரித்தனர். கரியும் ஊதுகாற்றும் இருந்தால் செம்பை உருக்கும் வெப்பம் கைக்கெட்டியது. அளவுகோல் மட்டும் இல்லை. கொல்லர் தணலின் நிறத்தை வைத்தே பதம் பார்த்தனர். பின்னாளில் வந்த பாதரச வெப்பமானியும் இங்கே பயன்படாது. பாதரசம் 357 பாகையிலேயே கொதித்துவிடும்.

நிலை மாறும்போது வெப்பநிலை உயராமல் வெப்பம் உள்ளே மறைவதை 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் கண்டறிந்தார். 1782இல் ஆங்கிலேய மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட், உலையில் இட்ட களிமண் துண்டு எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கொண்டு வெப்பத்தை அளக்கும் கருவியை அறிவித்தார். உயர்வெப்ப அளவியலுக்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய அளவுகோலில் செம்பு உருகுவது 27ஆம் பாகை. ஃபாரன்ஹீட்டில் 4,587, அதாவது சுமார் 2,530 செல்சியஸ். உண்மை மதிப்பைப் போல் இது இருமடங்குக்கும் மேல். களிமண் சீராகச் சுருங்காததும், ஃபாரன்ஹீட்டோடு அதை இணைத்த கணக்கு பிசகியதுமே காரணம். எனினும் உலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அக்கருவி உதவியது.

1830இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் ஃபிரடெரிக் டேனியல், பிளாட்டினக் கம்பியின் விரிவைக் கொண்டு அளந்து, செம்பின் உருகுநிலை 1,996 பாகை ஃபாரன்ஹீட் என்று கண்டார். அது 1,091 செல்சியஸ். இன்றைய மதிப்பிலிருந்து சுமார் 6.5 பாகைதான் வேறுபாடு.

இன்றைய நிலை

1990ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலில், தூய செம்பு உறையும் வெப்பநிலையான 1084.62 பாகை நிலைத்த குறிப்புப் புள்ளிகளுள் ஒன்று. உயர்வெப்பக் கருவிகளைச் சரிபார்க்க ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.