ரங்கூன் தந்த தியானம்

மனக் கலக்கத்தால் சரீரம் படும் பாட்டைத் தணிக்கும்பொருட்டு, சுவாசத்தையும் உடலில் எழும் உணர்ச்சிகளையும் விலகி நின்று கவனிக்கும் தியானத்தை இன்று மேல்நாட்டு வைத்தியசாலைகள் பல கற்பித்து வருகின்றன. இதனை அமெரிக்கர் கண்ட புதுச் சிகிச்சை என்று கொண்டாடுவோர் உண்டு. புத்தர் காலந்தொட்டு இல்லறத்தார் யாவரும் இடையறாது பயின்று வந்தது என்று நம்புவோரும் உண்டு. சரித்திரம் இவ்விரு கூற்றுக்கும் இடங்கொடுக்கவில்லை. இத்தியானத்துக்கு மூலமான பாலி சூத்திரங்கள் மிகப் பழையனவே. ஆயினும் அவற்றின்படி அமர்ந்து பழகுதல் நெடுங்காலம் துறவிகள் சிலருக்கே உரியதாக இருந்தது. குடியானவனும் குமாஸ்தாவும் கைக்கொள்ளத்தக்க அப்பியாசமாக அதனை ஆக்கித் தந்தவர்கள் பர்மியர்கள்.

1885-ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கிலப் படை பர்மியத் தலைநகரான மாந்தளையைக் கைப்பற்றித் திபா மன்னனை நாடு கடத்தியபோது, அரசனோடு பௌத்த சங்கத்தைப் போஷித்து வந்த கையும் போயிற்று. தர்மம் இனி நிலைக்குமா என்ற ஏக்கம் நாடெங்கும் பரவிய அவ்வேளையில், மொன்யுவா நகருக்கு வடக்கே லெடி என்னும் காட்டில் வாசம் செய்த ஒரு துறவி, காப்பதற்கு அரசன் இல்லையேல் ஜனங்களே காக்க வேண்டும் என்று துணிந்தார். லெடி சயாடோ (1846–1923) என்று பின்னர் உலகம் அறிந்த அவர், பாலி மொழியில் மகாபண்டிதராக விளங்கியும், எளிய பர்மிய நடையில் சிறு நூல்கள் இயற்றி, ஊர் ஊராகச் சென்று, பௌத்த தத்துவமான அபிதர்மத்தையும் தியானத்தையும் இல்லறத்தாருக்கு உபதேசித்தார். அவர் செய்த இன்னொரு காரியம் அதனினும் துணிவானது. ரங்கூன் ஆற்றுக்கு அக்கரைக் கிராமமொன்றில் பிறந்து, காலராவுக்குத் தம் மக்களைப் பறிகொடுத்து, ஆறுதல் தேடி அலைந்து தம்மிடம் வந்து சேர்ந்த சயா தெட்ஜி என்ற விவசாயியை, காவி உடுக்காத அந்த மனிதரையே, பிறருக்குத் தியானம் கற்பிக்குமாறு அவர் பணித்தார்.

அந்த விவசாயியிடம் 1937-இல் மாணாக்கராக வந்தவர் ஊ பா கின். ரெயில்வே கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்துவந்த அவர், பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4-ஆம் தேதியன்று அந்நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். பேரேடுகளும் தணிக்கைக் குறிப்புகளும் குவிந்த தம் அலுவலகத்திலேயே சிப்பந்திகளுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்த அவர், 1952-இல் ரங்கூனில் சர்வதேச தியான நிலையத்தை நிறுவினார். அங்குள்ள பகோடாவின் மத்தியில் வட்டமான ஓர் அறை. அதைச் சூழ எட்டுச் சிற்றறைகள். நடுவில் ஆசிரியர் அமர்ந்து பேசினால் எட்டு அறைகளில் இருப்போருக்கும் கேட்கும். முதற் சில நாட்கள் மாணாக்கர் செய்யவேண்டியது ஒன்றே: மூக்குத் துவாரத்துக்கும் மேலுதட்டுக்கும் இடையே மூச்சு வந்து தொட்டுச் செல்லும் இடத்தில் மனத்தை நிறுத்துதல். மனம் ஓரளவு அடங்கியபின், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அங்கம் அங்கமாகக் கவனத்தைச் செலுத்தி, உஷ்ணமோ அரிப்போ வலியோ எது தோன்றினும், அதை விரும்பாமலும் வெறுக்காமலும், தோன்றியது மறையும் என்று அறிந்திருத்தல் வேண்டும்.

1955-இல், மாந்தளையில் பிறந்த இந்திய வியாபாரியான கோயங்கா, மார்பியா ஊசியாலன்றித் தணியாத ஒற்றைத் தலைவலியோடு அவரை நாடி வந்தார். நோய் தீர்வதே நோக்கமாயின் சேர்த்துக்கொள்ள இயலாது என்றும், இங்கு வருவது மனத்தைச் சுத்தி செய்வதற்கே என்றும், தலைவலி நீங்கினால் அது உபபலனாகும் என்றும் ஊ பா கின் உரைத்துவிட்டார். வைத்தியசாலைகளில் தியானம் நுழைந்த வரலாற்றை எழுதுவோர் முதலில் குறிக்க வேண்டிய செய்தி இதுவே என்பேன். இம்முறையைத் தந்தவர் இதனை மருந்தாகக் கருதவில்லை. நிபந்தனையை ஏற்றுக்கொண்டு பயின்ற கோயங்கா, 1969-இல் இதனை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் மற்றொரு முறையை மகாசி சயாடோ என்ற துறவி 1949 முதல் அதே ரங்கூன் நகரில் கற்பித்து வந்தார்.

கலக்கத்தில் சரீரம் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் வேறிடத்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன், அப்போது புதிதாக வந்த எக்ஸ்ரேயைக் கொண்டு பூனையின் இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், பூனை கலவரமடைந்த மாத்திரத்தில் அவ்வசைவு நின்றுவிடுவதைக் கண்டார். அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, ஜீரணம் ஒடுங்கி, இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. இவற்றை 1915-இல் அவர் நூலாக வெளியிட்டார். இந்த ஆயத்தம் ஓயாது நீடித்தால் உடல் நலிந்துபோகும் என்பதை 1936 முதல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் ஸெல்யே விளக்கினார்.

இவ்விரண்டு மரபும் கலந்த இடம் அமெரிக்காவின் வூஸ்டர் நகரம். மூலக்கூறு உயிரியல் கற்ற ஜான் கபாட்-ஜின், 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில், வேறு சிகிச்சைகளால் குணம் காணாத நோயாளிகளுக்கு பத்து வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். அவர்களைப் படுக்கவைத்து, கால்விரல் தொடங்கி அங்கம் அங்கமாக உடலைக் கவனிக்கச் செய்தார். இதில் ஊ பா கின் மரபின் சாயல் தெளிவாகவே தெரிகிறது. நாட்பட்ட வலியுடைய 51 பேரைப் பற்றி 1982-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ மூவரில் இருவருக்கு வலி மூன்றில் ஒரு பங்கேனும் குறைந்ததாகக் காட்டினார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சி பெறாத வேறொரு கூட்டத்தை அவர் வைத்திருக்கவில்லை.

பின்னர் தியானம் குறித்து ஒப்பீட்டோடு நடந்த 47 சோதனைகளை, 3,515 பேரின் விவரங்களோடு, 2014-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தொகுத்துப் பார்த்தனர். மனச்சஞ்சலமும் சோர்வும் வலியும் ஓரளவு தணிகின்றன என்பதற்கு நடுத்தரமான சான்று இருந்தது. மன உளைச்சல் குறைவதற்கான சான்று அதனினும் பலவீனமாகவே இருந்தது. மருந்துகளை விஞ்சும் அற்புதம் என்று இதைப் பறைசாற்றுவோர் இந்த அளவை நினைவில் வைப்பது நலம். இது சிறு பலன் என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமே தேவைப்படும் பயிற்சி, வலியால் உறக்கமிழந்த ஒருவருக்கு ஓரளவு ஆறுதல் தருமாயின், அது எந்த ஏழை வைத்தியசாலைக்கும் ஏற்றதே.

நம் நாட்டிலும் இப்பயிற்சியைக் கற்பிக்க முன்வரும் வைத்தியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேனன், ஸெல்யே ஆகியோரின் பெயர்களோடு, லெடி சயாடோவின் பெயரையும், சயா தெட்ஜி என்ற அந்த விவசாயியின் பெயரையும், ஊ பா கின் என்ற கணக்கதிகாரியின் பெயரையும் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.