காற்றுண்ட பாய்

உறங்குவதற்கு விரிப்பதும் பாய். கடலோடுவதற்கு விரிப்பதும் பாய். இரண்டிற்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயல் அன்று. பரத்தல், விரிதல் என்னும் பொருள் அச்சொல்லின் அடியிலேயே கிடக்கிறது. கோரையும் ஓலையும் முடைந்த பாய்களே ஒரு காலத்தில் பல கடல்களில் கலங்களை இழுத்துச் சென்றன என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. சுருட்டி வைத்தால் துணி; விரித்துக் காற்றை வாங்கிப் புடைத்து நின்றால்தான் அது பாய். பாய்ந்து செல்லும் வினையையும் அதே சொல் தனக்குள் வைத்திருப்பது தமிழின் பேறு.

சங்கச் சான்றோர் இதனை வேறு பெயராலும் வழங்கினர். மதுரைக்காஞ்சி கப்பற்பாயை ‘இதை’ என்கிறது. வெண்ணிறப் பாயை உயர்த்தி நின்ற வங்கத்தைத் துறைக்குக் கொணர்ந்தது காற்றே என்பது மாங்குடி மருதனார் கண்ட காட்சி. பாயை உயர்த்துவது மாந்தர் கை. கலத்தைத் தருவது காற்று. இவ்விரு வினைகளையும் அவர் ஒன்றாக்கிக் குழப்பவில்லை. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கூம்பினின்று மேற்பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகார்த் துறைக்குள் நுழைந்த பெருங்கலத்தைப் பேசுகிறார். கூம்பு என்பது பாய்மரம். மேலே கட்டும் பாய்க்கு மீப்பாய் என்று தனிப்பெயர். முழுப்பாயுடன் ஒரு கலம் ஆற்று முகத்துக்குள் வருவதென்றால் அத்துறை எத்துணை ஆழமுடையதாய் இருந்திருக்க வேண்டும்! சோழன் நலங்கிள்ளியின் பெருமையைச் சொல்ல வந்த பாட்டு, துறைமுகத்தின் ஆழத்தையும் அளந்து காட்டிவிடுகிறது. 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே ஏவல் கொண்டு கலம் செலுத்தினான் என்று புகழ்கிறார். குயவர் குடிப் பெண்ணொருத்திக்குக் காற்றும் கலமும் தெரிந்திருந்தன என்பதே எனக்கு அப்பாட்டினும் பெரிய வியப்பு.

காற்றுக்கு நம் கடலோடிகள் இட்ட பெயர்களைப் பாருங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். மூலைகளுக்கு இப்பெயர்களையே இணைத்துக்கொண்டனர்: வாடைக்கொண்டல், வாடைக்கச்சான், சோழகக்கொண்டல், சோழகக்கச்சான். எந்தக் கருவியும் இன்றி, பாயும் கன்னமும் உணர்ந்த எட்டுத் திசைகள் இவை. பாயைக் குறுக்கே தாங்கும் மரம் பருமல். அதனை மேலேற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். தாமானைத் தளரவிட்டால் பாய் படபடத்து அடித்துக்கொள்ளும், கலம் நகராது. அளவுக்கு மீறி இறுக்கினால் கலம் சாயும். நிறைந்த பாய் என்பது இவ்விரண்டுக்கும் இடையே ஒருவன் கையில் நிற்பது. சுக்கானும் மாலுமியும் அரபு வழி வந்த சொற்கள். நங்கூரத்துக்குப் பாரசீகத் தொடர்பு சொல்லப்படுகிறது. கடலில் மொழிகளுக்கு வேலியில்லை. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இத்தகைய சொற்களுக்கு இடந்தந்தது பெரும் புண்ணியம். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், கடல் காணாத இவ்வேற்காட்டில் இருந்துகொண்டு நான் இவற்றைப் படிக்க முடிவது அதனால்தான். ஆடி மாதத்தில் சேர்வராயன் மலையின் சில்வர் ஓக் மரங்களை வளைக்கும் காற்றை இங்குள்ளோர் மேல்காற்று என்பர். கரையில் அதற்குக் கச்சான் என்று பெயர்.

இறையியல் மாணவனுக்கு இது வேற்றுப்பொருள் அன்று. இரண்டாம் நூற்றாண்டிலேயே தூய யுஸ்தீன், தம் முதல் தற்காப்பு நூலில், பாய் தாங்கும் மரம் கலத்தில் நிலைத்து நின்றாலன்றிக் கடலைக் கடக்க இயலாது என்று காட்டி, அதில் சிலுவையின் வடிவைக் கண்டார். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில் தூய லூக்கா எழுதும் கடற்பயணமோ ஒரு மாலுமியின் குறிப்பேடு போன்றது. மெல்லிய தென்காற்று ஏமாற்றுகிறது. வடகிழக்குப் புயல் தாக்குகிறது. முடிவில் முன்பாயை உயர்த்திக் கரையை நோக்கிச் செலுத்துகின்றனர். அம்முன்பாய்க்கு அவர் ஆண்ட ‘ஆர்தெமோன்’ என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. எபிரேயத்தில் ‘ரூவா’, கிரேக்கத்தில் ‘நியூமா’ என்ற சொற்கள் காற்றையும் ஆவியையும் ஒருங்கே குறிப்பவை. நாம் ‘ஆவி’ என்கிறோம். அதில் மூச்சு உண்டு, உயிர் உண்டு. பாயை நிறைக்கும் காற்று இல்லை. வேறு நல்ல சொல் கிடைக்குமென்று நான் சொல்லவில்லை. ஆயினும் பெந்தக்கோஸ்து நாளில் மறையுரை ஆற்றும்போது இந்த இழப்பு என்னை உறுத்தாமல் இருப்பதில்லை.

மறைபரப்பு வரலாறே காற்றின் கையில் இருந்த காலம் அது. தூய பிரான்சிஸ் சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனை விட்டுப் புறப்பட்டார். உரிய பருவக்காற்றுத் தவறியதால் மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. கோவாவில் இறங்கியது 1542 மே 6 அன்று. அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

பாய்க்கலக் கலை அண்மைக்காலம் வரை நம்மவரிடம் உயிரோடிருந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் இருபாய்மரக் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழரே செலுத்த, அது 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. அதன்பின் பொறி வந்தது. குமரிக் கரையில் 1980களில் ஒட்டுப்பலகைப் படகுகளும் வெளிப்பொருத்து இயந்திரங்களும் பரவியதில் திருச்சபையின் சமூகப் பணிக்கும் பங்குண்டு. அதனைக் குறையென்று சொல்லேன். காற்றுச் செத்த நாளில் கடல் நடுவே கிடந்து, பிடித்த மீன் நாறிப்போக வெறுங்கையுடன் கரையேறியவனிடம் பாயின் அழகைப் பேசுவது இரக்கமற்ற செயல். ஆனால் பாய் இறங்கியபோது ஆஞ்சானும் தாமானும் கூட இறங்கிவிட்டன. அவற்றை ஏற்றி வைக்க எவரும் முன்வரவில்லை. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ ஆகிய புதினங்களில் அம்மொழியில் ஒரு பகுதியையேனும் காத்தார். ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

மணப்பாட்டிலோ பாயிழந்த மரத்துக்கே வணக்கம். புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசியக் கலம் ஒன்று அக்கரையில் ஒதுங்கியதென்றும், அதன் தலைவன் முறிந்த பாய்மரத்தின் துண்டால் சிலுவை செய்து மணற்குன்றின்மேல் நாட்டினான் என்றும் மரபு கூறுகிறது. சவேரியார் தங்கிய குகை அக்குன்றின் கடற்புறத்தில் உள்ளது. செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு மக்கள் இன்றும் அங்கே ஏறிச் செல்கின்றனர்.