முகம் இழந்த கணக்கர்

இறந்துபோன மனிதனை மீண்டும் ஒருமுறை கொல்ல முடியுமா? இந்தக் கேள்வியோடுதான், நேயர்களே, நான் அந்தக் கல்லறையை விட்டு வெளியே வந்தேன்.

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், ஷேக் அப்த் எல்-குர்ணா என்றொரு மலைச்சரிவு இருக்கிறது. புல் பூண்டற்ற வெறும் சுண்ணாம்புக்கல் மலை. மன்னர்களின் கல்லறைகள் மலைக்கு அப்பால் இருக்கின்றன. இப்பாலுள்ள சரிவில் இருப்பவையோ மன்னர்களுக்குப் பணிசெய்த அமைச்சர்கள், கணக்கர்கள், பூசகர்கள் ஆகியோரின் கல்லறைகள். அவற்றுள் 69 ஆம் இலக்கக் கல்லறை மென்னா என்பவருக்குரியது.

மென்னா இற்றைக்கு ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன், பதினெட்டாம் அரச வம்சக் காலத்தில் வாழ்ந்தவர். மன்னரின் வயல்களுக்கும் ஆமூன் கோயிலின் வயல்களுக்கும் மேற்பார்வையாளர். அளப்பதும், எழுதுவதும், வரி குறிப்பதும் அவருடைய தொழில். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொபேர்ட் மொண்ட் என்ற ஆங்கிலேயர் இக்கல்லறையின் மண்ணை அகற்றினார். 2007 முதல் 2009 வரை மெலிண்டா ஹார்ட்விக் தலைமையிலான குழு இதன் ஓவியங்களை ஆராய்ந்து பேணியது.

வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில். குனிந்து உள்ளே சென்றேன். முதலில் குறுக்கே நீளும் ஒரு கூடம், அதன் நடுவிலிருந்து உள்நோக்கிச் செல்லும் மற்றொரு கூடம், முடிவில் ஒரு மாடம். அந்த மாடத்தில் கணவன் மனைவி சிலையின் கீழ்ப்பாதி மட்டுமே எஞ்சியிருக்கிறது. இங்குள்ளவை கல்லிற் செதுக்கிய சிற்பங்கள் அல்ல. மலைப்பாறை தரம் குறைந்தது என்பதால், மண்சாந்து பூசி, அதன்மேல் வெள்ளைப் பூச்சிட்டு, வண்ணத்தால் தீட்டியிருக்கிறார்கள். காவியும் மஞ்சளும் நீலமும் நேற்றுத் தீட்டியவை போலிருந்தன.

இடப்பக்கச் சுவரில் ஒரு வயல் விரிகிறது. நிற்கும் பயிரின் ஓரமாகக் கயிறு பிடித்து அளக்கிறார்கள். எழுதுகருவி ஏந்திய கணக்கர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அறுவடை நடக்கிறது, எருதுகள் சூடு மிதிக்கின்றன, தூற்றிய தானியம் குவிகிறது. வரி செலுத்தத் தவறியவன் போலும், ஒருவன் நிலத்தில் கிடந்து தடியடி வாங்குகிறான். பக்கத்தில் ஒருவன் முழந்தாளிட்டுக் கெஞ்சுகிறான்.

இவற்றுக்கிடையே, யாரும் கேளாமலே ஓவியன் வரைந்துவிட்ட சில காட்சிகள். கதிர் பொறுக்க வந்த இரு சிறுமிகள் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்திழுத்துச் சண்டையிடுகிறார்கள். வேறு இருவரில் ஒருத்தி காலை நீட்ட, மற்றவள் முள் எடுத்துவிடுகிறாள். மரநிழலில் ஒருவன் கண்ணயர்கிறான், மற்றொருவன் குழலூதுகிறான். முள் எடுக்கும் சிறுமியின் முன் நான் நெடுநேரம் நின்றேன். எந்த நாட்டு வயலிலும் காணக்கூடிய காட்சியல்லவா அது!

உட்கூடத்தில் புகழ்பெற்ற சதுப்புநிலக் காட்சி இருக்கிறது. பப்பிரசுப் புதரின் இருபுறமும் மென்னா படகில் நிற்கிறார். ஒருபுறம் பறவை வேட்டை, மறுபுறம் மீன் வேட்டை. மனைவி ஹெனுத்தாவி அருகில் நிற்க, மகள் குனிந்து தாமரை மொட்டைப் பறிக்கிறாள். ஆனால் மென்னாவுக்கு முகம் இல்லை. யாரோ கூரிய கருவியால் அதைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். மனைவியின் முகத்தைத் தொடவில்லை, மகளின் முகத்தையும் தொடவில்லை.

பண்டைய எகிப்தியருக்குச் சுவரோவியம் வெறும் அலங்காரம் அன்று. வரைந்த உருவத்தில் இறந்தவர் வாழ்வார், அந்தக் கண்களாற் காண்பார், அந்த வாயால் உண்பார் என்று நம்பினார்கள். எனவே முகத்தைச் சிதைப்பது மறுமையிலும் ஒருவரைக் கொல்வதாகும். அக்கெனாத்தன் மன்னனின் ஆட்கள் இம்மலைக் கல்லறைகளில் ஆமூன் கடவுளின் பெயரை அழித்தார்கள். அது சமயப் பகை. இதுவோ ஒரு தனி மனிதன்மீது கொண்ட பகை என்றே தோன்றுகிறது.

அடிபட்ட உழவனின் மகன் செய்திருப்பானோ என்று என் மனம் உடனே ஒரு கதை கட்டிவிட்டது. ஆனால் கதைக்கும் வரலாற்றுக்கும் இடையே ஒரு வேலி உண்டு. பதவிப் போட்டியாளன் ஒருவனும் செய்திருக்கலாம். செய்தவன் தன் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை.

வெளியே வந்தபோது சரிவில் வீடுகள் இருந்த தடங்களைக் கண்டேன். குர்ணா மக்கள் தலைமுறை தலைமுறையாக இக்கல்லறைகளின் மேலும் நடுவிலும் குடியிருந்தவர்கள். தொல்பொருட்களைக் காக்கவென்று 2006 ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுடைய வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். மக்களைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். ஓவியங்களைக் காக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆயினும் இறந்தோரின் வீட்டைக் காப்பதற்காக உயிருள்ளோர் தம் வீட்டை இழந்தார்கள் என்பதும் இம்மலையின் வரலாறுதான். அதை எந்தச் சுவரிலும் தீட்டவில்லை.

ஊரையெல்லாம் அளந்து எழுதிய கணக்கருக்கு முகம் இல்லை. பெயரே இல்லாத அந்தச் சிறுமியோ 3,400 ஆண்டுகளாகத் தோழியின் காலில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அழிக்க வந்தவனின் கண்ணுக்கு அவள் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அதனாலேயே அவள் பிழைத்தாள்.