சமர்ஸ்கைட்: இனநிர்ணயமும் பூகர்ப்பச் சூழலும்

கனிமம் ஒன்றை இன்ன இனத்தைச் சார்ந்தது என்று நிர்ணயிக்கப் புகும் சாஸ்திரம் இரண்டு சாட்சிகளை வேண்டி நிற்கிறது. அதன் ரசாயனச் சேர்க்கை முதற் சாட்சி; அச்சேர்க்கையிலுள்ள அணுக்கள் ஒழுங்குபட அடுக்கப்பட்டு அமைந்த படிகக் கட்டமைப்பு இரண்டாவது சாட்சி. வைரமும் கிராபைட்டும் ஒரே கரியால் ஆனவையாயிருந்தும் வெவ்வேறு இனங்களாகக் கொள்ளப்படுவது இந்த இரண்டாவது சாட்சியின் பலத்தினாலேயே ஆகும். ஆனால் தன்னகத்தே கொண்ட யுரேனியத்தாலும் தோரியத்தாலும் தன் படிக ஒழுங்கைத் தானே குலைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போன்ற உருவற்ற நிலையில் நம் கைக்கு வந்து சேரும் சில கனிமங்களிடத்தில் இரண்டாவது சாட்சி வாய் பேசுவதில்லை. நயோபியம், யிட்ரியம், இரும்பு, யுரேனியம் ஆகியவற்றின் ஆக்ஸைடாகிய சமர்ஸ்கைட் இத்தகைய கனிமங்களில் தலையாயது. இதனை உலையிலிட்டுச் சுட்டு, மீண்டும் தோன்றும் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அதுவே ஆதிக் கட்டமைப்பு என்று முடிவு செய்வது நெடுங்காலம் வழக்கத்தில் இருந்துவந்திருக்கிறது. அம்முடிவு தனித்து நிற்கும் வலிமையற்றது என்பதும், கனிமம் கிடந்த பாறையின் சாட்சியத்தை முன்வைத்தே உலையின் சாட்சியத்தை எடைபோட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இதன் சரித்திரம் நயோபியத்தின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1801இல் ஆங்கிலேய ரசாயன அறிஞர் ஹாட்செட், அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியிலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்திருந்த கரிய கல் ஒன்றைப் பகுத்து, அதில் ஒரு புதிய மூலகம் உண்டெனக் கண்டு கொலம்பியம் எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே ஸ்வீடனில் எக்கபெர்க் டாண்டலத்தைக் கண்டறிந்தார். 1809இல் உல்லாஸ்டன் இரண்டும் ஒன்றே என்று தீர்ப்புக் கூறிவிடவே, அத்தீர்ப்பு ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் மறுப்பின்றி நின்றது. 1844இல் பெர்லின் நகரத்து ஹைன்ரிக் ரோஸ், பவேரியாவின் போடன்மைஸ் என்னுமிடத்துக் கொலம்பைட்டை ஆராய்ந்து, டாண்டலத்தினின்று வேறான மூலகம் அதில் உண்டென்று நிலைநாட்டி, அதற்கு நயோபியம் என்று பெயர் சூட்டினார். 1829இல் ஹம்போல்ட்டுடன் யூரல் மலைகளில் யாத்திரை செய்தவரும் ஹைன்ரிக்கின் சகோதரருமாகிய குஸ்டாவ் ரோஸ், தென் யூரலிலுள்ள இல்மென் மலைகளில் கிடைத்த கரிய கனிமம் ஒன்றை டாண்டலம் கொண்டதெனக் கருதி 1839இல் யுரேனோடாண்டல் என்று வர்ணித்திருந்தார். தமையனும் தம்பியுமாக இருவர் கையிலும் புழங்கிய அக்கல்லில் இருப்பது பெரும்பாலும் நயோபியமே என்று 1847இல் ஹைன்ரிக் நிரூபித்து, ஆராய்ச்சிக்கு மாதிரிகளை உதவிய ருஷ்யச் சுரங்கப் பொறியாளர் படையின் அதிகாரியான சமார்ஸ்கி பைகோவெத்ஸின் பெயரால் அதற்கு சமர்ஸ்கைட் என்று மறுபெயர் இட்டார்.

அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் இக்கனிமம் மூலக வேட்டையின் களமாயிற்று. வட கரோலினாவின் மிட்செல் மாவட்டத்தில் இது பெருங்கட்டிகளாக அகப்பட்டமையால், ரசாயன அறிஞர்கள் இதனைத் தாராளமாகப் பொடித்துக் கரைத்துப் பகுத்துப் பார்க்க இயன்றது. 1879இல் பிரான்ஸ் தேசத்து லெகோக் த புவாபோத்ரான் நிறமாலையின் புதிய கோடுகளைக் கொண்டு சமாரியத்தைக் கண்டதும், 1880இல் ஜெனீவாவின் மரிஞாக் பின்னர் கடோலினியம் எனப் பெயர் பெற்ற மூலகத்தின் மண்ணைப் பிரித்ததும் இக்கனிமத்திலிருந்தேயாம். அவர்களுடைய பொறுமையையும் கைத்திறனையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆயினும் அவர்களுக்கு சமர்ஸ்கைட் என்பது அபூர்வ மண்கள் நிரம்பிய ஒரு களஞ்சியமாக இருந்ததேயன்றி, தனக்கென ஒரு வடிவமும் வரலாறும் உடைய பதார்த்தமாக இருக்கவில்லை. கல் தன் இயற்கை நிலையில் இருக்கிறதா, சிதைந்து கிடக்கிறதா என்ற வினா, உரலில் இடித்துப் பொடித்தபின் எழுவதற்கு இடமில்லையன்றோ?

பாறைக்குழம்பின் கடைசி எச்சம் உறைந்து உண்டாகும் பெக்மடைட் பாறையிலிருந்து புதிதாக உடைத்தெடுத்த சமர்ஸ்கைட்டைக் கையில் ஏந்துவோர்க்கு முதலில் தோன்றுவது அதன் கனமே. அதன் ஒப்படர்த்தி 5க்கு மேலும் 6க்கு உட்பட்டும் இருப்பதால், அதைச் சூழ்ந்த பெல்ஸ்பாரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கனக்கும். நிறம் வெல்வெட்டைப் போன்ற கருமை. மெல்லிய சில்லுகளின் ஓரத்தில் ஒளி ஊடுருவினால் பழுப்புச் சாயை தென்படும். உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து, கண்ணாடிக்கும் குங்கிலியத்துக்கும் இடைப்பட்ட மினுமினுப்புடன் விளங்கும். மோஸ் அளவையில் கடினம் 5 முதல் 6 வரை. முகங்கள் திருந்திய படிகம் அரிதாகவே அகப்படும். ஒழுங்கற்ற கட்டிகளாகவோ, பெல்ஸ்பாரில் பதிந்த மணிகளாகவோ அகப்படுவதே பெரும்பான்மை. அமிலங்களுக்கு எளிதில் இணங்காத இதனைப் பொட்டாசியம் பைசல்பேட்டுடன் உருக்கியே பழைய பகுப்பாளர்கள் வழிக்குக் கொண்டுவந்தனர். பாஸ்பர உப்பு மணியில் இது யுரேனியத்துக்குரிய மரகதப் பச்சையைக் காட்டும்.

கட்டியைச் சுற்றியுள்ள பாறையைக் கவனிப்போர்க்கு வேறொரு காட்சியும் புலப்படும். கட்டியிலிருந்து நாற்புறமும் ஆரங்களாக வெடிப்புகள் ஓடியிருக்கும். அவ்வெடிப்புகளின் இருமருங்கிலும் பெல்ஸ்பார் செம்பழுப்பாக மாறியிருக்கும். அருகிலுள்ள குவார்ட்ஸ் புகை படிந்ததுபோல் கருத்திருக்கும். பாறை இறுகியபின் கனிமம் பருமனில் விரிந்தது என்பதற்கும், கதிரியக்கம் நெடுங்காலம் அங்கே தொழிற்பட்டது என்பதற்கும் இவை நேரான அத்தாட்சிகள். எந்தச் சோதனைச்சாலையிலும் இவற்றைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள முடியாது.

இவ்விரிவின் காரணத்தைச் சற்று நின்று காண்பது தகும். நார்வே தேசத்துப் பிரகர், வெளிமுகத்தில் படிக வடிவத்தைக் காட்டியும் உள்ளே படிக ஒழுங்கு சிறிதுமற்றிருக்கும் கனிமங்களைத் தனி வகுப்பாக்கி, 1893இல் அந்நிலைக்கு மெட்டாமிக்ட் என்று பெயரிட்டார். இதற்குக் கதிரியக்கமே காரணம் என்று 1914இல் ஹாம்பெர்க் கூறினார். யுரேனியம் 238இன் அணு ஒன்று ஈயமாக முடிவதற்குள் எட்டு ஆல்பா துகள்களையும், தோரியம் 232இன் அணு ஆறு துகள்களையும் வெளியிடுகின்றன. துகள் தன் பாதையில், ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் ஓரிரண்டு கூறே செல்லும். செல்லும் வழியில் பெரும்பாலும் எலெக்ட்ரான்களையே கலக்குவதால், அது பெயர்க்கும் அணுக்கள் சிலவே. பெருஞ்சேதம் விளைவிப்பது, துகளை உமிழ்ந்த வேகத்தில் பின்னோக்கி உதைபடும் கனத்த அணுக்கருவேயாகும். அது கடக்கும் தூரம் ஆல்பா துகளின் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கேயாயினும், அச்சிறு எல்லைக்குள் ஆயிரம் வரையிலான அணுக்களை அவற்றின் இருப்பிடத்தினின்றும் பெயர்த்தெறிந்து விடுகிறது. இது கோடிக்கணக்கான ஆண்டுகள் தொடரும்போது, ஒழுங்கு என்பது எங்கும் எஞ்சுவதில்லை. கல் விரிகிறது, அடர்த்தி குறைகிறது, எக்ஸ் கதிர் கோடுகளைத் தராமல் மங்கலான வளையத்தையே தருகிறது. இச்சிதைவில் சேர்ந்திருந்த சக்தியில் ஒரு பகுதியைக் கண்ணாலேயே காணலாம்: மூடிய குழாயிலிட்டுச் சூடாக்கினால் சமர்ஸ்கைட் படபடவென வெடித்து, கணப்பொழுது ஒளிர்ந்து, பிளந்து கருகும்.

இப்பொழுது உலையின் சாட்சியத்துக்கு வருவோம். இடிந்து குவிந்த கோயிலின் கற்களைக் கொண்டு புதிதாக ஒரு கட்டடம் எழுப்பினால், அதில் வெளிப்படுவது கற்களின் இயல்பும் இன்று கட்டுகிற ஸ்தபதியின் எண்ணமுமேயன்றிப் பழைய கோயிலின் அமைப்பு அன்று. சமர்ஸ்கைட்டைக் காற்றில் சுட்டால் ஈரிணைதிற இரும்பு மூவிணைதிற இரும்பாகவும், நான்கிணைதிற யுரேனியம் ஆறிணைதிறமுடையதாகவும் மாறுகின்றன. ஆக்ஸிஜன் குறைந்த சூழலில் சுட்டால் விளைவு வேறாகிறது. தாழ்ந்த வெப்பத்தில் ஒரு கட்டமைப்பும், உயர்ந்த வெப்பத்தில் வுல்பிரமைட்டை ஒத்த வேறொரு கட்டமைப்பும் பிறக்கின்றன. சில வேளைகளில் பைரோகுளோர் வகைப் படிகங்களும் உடன் கலந்து தோன்றுகின்றன. இவற்றுள் எது ஆதி வடிவம் என்று உலையால் கூற இயலாது. 1993இல் வார்னரும் ஈவிங்கும் இக்கனிமத்தின் படிக ரசாயனத்தை ஆராய்ந்தபோது, சுடும் சூழலின் ஆக்ஸிஜன் அளவுக்கு முக்கியத்துவம் தந்தது இதனாலேயே பெரிதும் பாராட்டத் தக்கதாகிறது. உலையை அறவே புறக்கணிக்க வேண்டுமென்பது என் கருத்தன்று; எந்தச் சூழலில் அக்கனிமம் பிறந்ததோ அதனைப் பாறையிலிருந்து முதலில் அறிந்து, அதற்கு ஒத்த நிபந்தனையில் சுட்டால் மாத்திரமே உலையின் விடைக்கு அர்த்தம் உண்டு என்பதே கருத்து.

அச்சூழல் யாது? நயோபியத்தின் அயனி சிறியது, ஐந்து மின்னேற்றம் தாங்கியது. பாறைக்குழம்பு குளிரும்போது முதலில் படிகமாகும் சாதாரணக் கனிமங்களில் அதற்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஆகவே எஞ்சிய குழம்பில், நீரோடும் புளோரினோடும் கூடிக் கடைசிவரை தங்கி, அக்குழம்பு பெக்மடைட்டாக உறையும் தருணத்தில் தனக்கென ஒரு கனிமத்தை அமைத்துக்கொள்கிறது. டாண்டலத்தின் அயனிப் பருமன் நயோபியத்தினுடையதோடு அநேகமாக ஒன்றாகவே இருப்பதால் இரண்டும் இணைபிரியாமல் வருகின்றன. செக் தேசத்திற் பிறந்த பூகர்ப்ப அறிஞர் செர்னி, அரிய மூலகங்களைக் கொண்ட பெக்மடைட்டுகளை, லிதியம், சீசியம், டாண்டலம் மிகுந்த குடும்பம் என்றும், நயோபியம், யிட்ரியம், புளோரின் மிகுந்த குடும்பம் என்றும் பிரித்தார். சமர்ஸ்கைட்டின் இயல்பான இருப்பிடம் இரண்டாவது குடும்பமே. இல்மென் மலையில் இக்கனிமத்தின் மூலஸ்தானமாகிய புளூமோவ்ஸ்காயா குழியில், பச்சை நிற அமேஸோனைட் விளங்கும் பெக்மடைட்டில் இது கிடப்பது தற்செயலன்று. இம்மலைத்தொடர் 1920 முதல் கனிமங்களுக்காகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. மூலஸ்தானத்தின் பாறை இன்றும் நமக்குச் சாட்சி கூற எஞ்சியிருப்பது அதனால்தான்.

நயோபியம் எங்கு கண்டாலும் அங்கே சமர்ஸ்கைட்டை எதிர்பார்ப்பது தவறு. திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் கார்பனடைட் எனப்படும் கார்பனேட் அக்கினிப்பாறையில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் என்னும் நயோபியக் கனிமம் உண்டு. உலகின் நயோபியத் தேவையில் பெரும்பகுதியை நிறைவேற்றும் பிரேசிலின் அராஷா சுரங்கமும் கார்பனடைட்டைச் சார்ந்ததே. அங்கே சுண்ணமும் சோடியமும் மிகுந்து, சிலிக்கா குறைந்து, டாண்டலம் அரிதாக இருக்கும். ஆகவே பைரோகுளோருக்கு உகந்த அச்சூழல், யிட்ரியமும் இரும்பும் சேர்ந்து நயோபியத்தை நாடும் சமர்ஸ்கைட்டுக்கு உகந்ததன்று. கார்பனடைட்டிலிருந்து வந்த உருவற்ற கருங்கல்லைச் சுட்டு, வுல்பிரமைட் வகைக் கோடுகள் கிடைத்ததாகக் கூறி ஒருவர் சமர்ஸ்கைட் என்று பெயரிட வந்தால், உலையைவிடப் பாறையையே நான் நம்புவேன்.

நம் நாட்டில் இக்கனிமத்துக்குப் புகழ்பெற்ற இடம் நெல்லூர். 1953இல் ஆந்திர மாநிலம் தனியே அமையும் வரை சென்னையோடு சேர்ந்திருந்த அம்மாவட்டத்தில், காக்காப்பொன் என்று நம்மவர் வழங்கும் அப்பிரகத்துக்காகத் தோண்டப்பட்ட பெக்மடைட்டுகளில், குறிப்பாகக் கூடூர்ப் பகுதியைச் சார்ந்த சங்கரா சுரங்கத்தில், சமர்ஸ்கைட் அகப்பட்டது. இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத்துறையைச் சேர்ந்த டிப்பர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை வெளியிட்டார். ஏடு ஏடாகப் பிரியும் அப்பிரகத்தைத் தேடுவோர்க்குக் கரிய கட்டி வேண்டாப் பொருளே. குவியலில் எறியப்பட்டதிலிருந்து பொறுக்கப்பட்ட மாதிரிகள் பாறையோடு கொண்டிருந்த தொடர்பை இழந்தே சேகரங்களை அடைந்தன என்று கருத இடமுண்டு. இம்மாதிரிகளிலுள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து பெக்மடைட்டுகளின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று கணிக்கப்பட்டிருக்கிறது. அத்துணை நெடுங்காலம் தன்னைத் தானே சிதைத்துக்கொண்ட கல்லில் நீர் புகாதிருக்குமா? சிதைந்த கல்லின் வெடிப்புகளில் நீர் ஊறி, யுரேனியத்தையும் யிட்ரியத்தையும் ஓரளவு கரைத்துச் சென்று, அவ்விடத்தில் கால்சியத்தை இட்டுச் செல்வது சமர்ஸ்கைட் இனங்களில் நன்கு அறியப்பட்ட நிகழ்ச்சி. கட்டி முழுவதையும் பொடித்துச் செய்த பழைய பகுப்புகள் கருவையும் தோலையும் ஒன்றாக்கிவிட்டன. ஆகவே அவற்றை ஆதாரமாகக் கொண்ட பெயர்ச் சீட்டுகளை எலெக்ட்ரான் நுண்கதிர்ப் பகுப்பால், கருவில் ஒன்றும் விளிம்பில் ஒன்றுமாக, மீண்டும் சரிபார்ப்பது அவசியமாகிறது.

இது வெறும் சீட்டுத் திருத்தமன்று. 1999இல் ஹான்சனும் அவரோடு உழைத்தவர்களும் முன்வைத்த வகுப்பின்படி, பெரிய அயனிகள் அமரும் இடத்தில் யிட்ரியமும் அபூர்வ மண்களும் மிகுந்தால் சமர்ஸ்கைட். யுரேனியமும் தோரியமும் மிகுந்தால், ஜப்பானின் இஷிகாவா என்னும் ஊரின் பெயரைக் கொண்ட இஷிகவாயிட். கால்சியம் மிகுந்தால் கால்சியோசமர்ஸ்கைட். 2019இல் ருஷ்ய அறிஞர்கள் யிட்ரியம் ஒன்று, மூவிணைதிற இரும்பு ஒன்று, நயோபியம் இரண்டு, ஆக்ஸிஜன் எட்டு என்ற விகிதத்தை இனத்தின் இலக்கணமாகக் கொண்டு, இவ்வயனிகள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்டு இரட்டைத் தங்ஸ்டேட்டுகளோடு உறவுடைய ஒற்றைச்சரிவுக் கட்டமைப்பில் அமைகின்றன என்று காட்டினர். இவ்விரண்டு முயற்சிகளும் துறைக்குப் பெருநன்மை செய்தவை. எனினும் முதலாவதில், யுரேனியம் கரைந்து கால்சியம் புகுந்த இஷிகவாயிட், கால்சியோசமர்ஸ்கைட் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடிவிடும் ஆபத்து உண்டு. இரண்டாவதைப் பொறுத்தவரை, மாதிரி காற்றிற் சுடப்பட்டதாயின் அதில் இரும்பு மூவிணைதிறமாக இருப்பது ஆதி நிலைக்கு அத்தாட்சியாகாது. ஆகவே கால்சியம் மிகுந்த இனப்பெயரை வழங்குமுன், மாதிரியின் சிதையாத கருவில் கால்சியம் மிகுந்திருப்பதையும், உடன் கிடக்கும் கனிமங்கள் கால்சியம் மிகுந்த குழம்பில் பிறந்தவை என்பதையும் காட்டவேண்டும். இரும்பின் இணைதிறத்தைக் கூறுமுன், அதனைச் சுடுவதற்கு முன்னரே அளந்திருக்க வேண்டும். சுட்ட வெப்பமும் சூழ்ந்த வாயுவும் கட்டமைப்பின் அளவுகளோடு சேர்த்தே வெளியிடப்பட வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறாத விவரணத்தில், நயோபியம் மிகுந்த உருவற்ற ஆக்ஸைடு என்று பொதுவாகக் குறித்து, அது கிடைத்த பெக்மடைட்டின் விவரத்தை முழுமையாகத் தருவதே இப்போதைக்கு நேர்மையான வழி.