தாளளவு வரலாற்றில் ஒரு வினா

ஏ-4 முதலிய தாளளவுகளை ஜெர்மானியர் 1922-இல் வகுத்தனர் என்பாரும், கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிக்டன்பெர்க் 1786-இலேயே கண்டனர் என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் ஆராயத்தக்கன.

முதற்கண் அவ்வளவின் இயல்பினை நோக்குவாம். நம் நூற்பட்டியல்களிற் பயிலும் கிரவுன் என்னும் ஆங்கில அளவின் முழுத்தாள் 15 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் உடையது; விகிதம் 3:4. ஒருமுறை மடித்தால் 10-க்கு 15 ஆகி விகிதம் 2:3 எனத் திரியும். மறுமுறை மடித்தால் 7½-க்கு 10 ஆகி மீண்டும் 3:4 ஆகும். மடிக்குந்தோறும் வடிவம் மாறாதிருக்க வேண்டின், நீளம் அகலத்தினும் இரண்டன் வர்க்கமூல மடங்கு, அஃதாவது ஏறத்தாழ 1.414 மடங்கு, இருத்தல் வேண்டும். பிற விகிதம் எதுவும் பொருந்தாது.

லிக்டன்பெர்க் 1786 அக்டோபர் 25-இல் பெக்மன் என்பார்க்கு எழுதிய கடிதத்தில் இவ்வியல்பு காணப்படுகின்றது. மாணவர் ஒருவர்க்கு இதனைக் கணக்காகக் கொடுத்த அவர், தம்மிடமிருந்த தாளை அவ்விகிதத்தில் வெட்டப் புகுந்தபோது, அது முன்னரே அவ்வாறு அமைந்திருக்கக் கண்டார். தாள் செய்வோரிடை இதற்கு விதியுண்டோ, வழிவழி வந்த மரபோ என வினவுகின்றார். எனவே, அவர் கண்டது காரணமேயன்றித் தாளன்று என்பது பெறப்படும்.

பின்னர், 1911-இல் வேதியியலறிஞர் ஓஸ்ட்வால்ட், இவ்விகிதத்தை ஒரு சென்டிமீட்டர் நீளத்திலிருந்து தொடங்கி உலகப் பொதுவளவாக்க முனைந்தார். அவர்தம் உதவியாளராயிருந்த போர்ஸ்ட்மன் நீளத்தை விடுத்துப் பரப்பை அடிப்படையாகக் கொண்டார். 1922-இல் வெளிவந்த ஜெர்மானியத் தரவிதியில், முதற்றாளாகிய ஏ-0 ஒரு சதுர மீட்டர்ப் பரப்புடையது. 841-க்கு 1189 மில்லிமீட்டர். நான்குமுறை இரண்டாக்கினால் 210-க்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ-4 கிடைக்கும். அத்தகைய தாள் பதினாறு சேர்ந்தது ஒரு சதுர மீட்டர் ஆதலின், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் ஏ-4 ஒன்றின் எடை 5 கிராம் என நிறுக்காமலே அறியலாம். இம்முறை 1975-இல் அனைத்துலகத் தரமாயிற்று.

ஆகவே, விகிதம் தாள் செய்வோர் கைம்மரபிலும், காரணம் லிக்டன்பெர்க் கடிதத்திலும், பொதுவளவாக்கும் முயற்சி ஓஸ்ட்வால்டிடத்தும், பரப்பென்னும் அடிப்படை போர்ஸ்ட்மன்னிடத்தும் காணப்படுகின்றன. இவற்றை ஒருவர்க்கே உரியதாக்குதல் வரலாற்று நெறியாகாது என்பதே நம் துணிபு.