ஏலச்சீட்டிலிருந்து எம்.எல்.எம். வரை: பல அடுக்கு விற்பனையின் நிதி ஆபத்தும் மரக்காணக் கரையின் பருவ வருமானமும்

பல அடுக்கு விற்பனை என்பது பொருளை விற்பவரே அடுத்த விற்பனையாளரையும் சேர்க்கும் வணிக முறை. ஊர்வழக்கில் இது 'எம்.எல்.எம்.' என்றும் 'செயின் பிசினஸ்' என்றும் வழங்கும். இதில் சேர்ந்தவருக்கு இரண்டு வழிகளில் வருமானம் வரலாம். ஒன்று, பொருளை நேரடியாக விற்றுக் கிடைக்கும் லாபம். மற்றொன்று, அவர் சேர்த்தவர்களும் அவர்களால் சேர்க்கப்பட்டவர்களும் வாங்கும் பொருளுக்கான கமிஷன். முதல் வழி சுருங்கி இரண்டாவது வழியே பிழைப்பாகும்போது அது ஆள்சேர்ப்புச் சங்கிலியாக மாறுகிறது. தமிழ்நாட்டில் இந்த முறை எந்த வழியாக வந்து வேரூன்றியது, சட்டம் அதை எப்படித் தொடர்ந்து சென்றது, மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் பருவ வருமானத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதனால் நேரும் நிதி ஆபத்து எத்தகையது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பருவ வருமானமும் சீட்டு மரபும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரப் பேரூராட்சியான மரக்காணம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் அமைந்துள்ளது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் கழுவேலி நீர்நிலையும் சார்ந்த தாழ்நிலத்தில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளின் சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். பிறகு உப்புநீரைப் பாய்ச்சி, வெயிலில் அது வற்றிப் பூத்ததும் பலகையால் உப்பை வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை முடிய வேண்டும் என்பதால் பலருக்கு நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் கூலி இல்லை. இக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. பக்கத்துக் குப்பங்களில் மீன்பிடித் தொழிலுக்கும் இப்படி ஓர் இடைவெளி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை.

வருமானம் பருவத்தோடு நின்றுவிட, செலவு ஆண்டு முழுவதும் தொடர்கிறது. ஜூன் மாதப் பள்ளிச் செலவு, காதுகுத்து, கல்யாணம், மழைக்கால அரிசி என எதுவும் வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. இந்த இடைவெளியை நெடுங்காலமாக நிரப்பி வருவது சீட்டு. ஏலச்சீட்டில் 20 பேர் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் 20,000 ரூபாய் சேரும். அவசரத் தேவை உள்ளவர் தள்ளுபடி சொல்லி ஏலம் எடுப்பார். தள்ளுபடித் தொகையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். 20-ஆவது மாதத்தில் சீட்டு முடிந்துவிடும். இதில் இரண்டு கூறுகள் முக்கியமானவை: சீட்டு தொடங்கிய பின் புதிதாக ஆள் தேவையில்லை, அதற்கு ஒரு முடிவு உண்டு. தெரிந்த முகத்தை நம்பி மாதந்தோறும் பணம் கட்டும் பழக்கத்தைத் தமிழகக் குடும்பங்களுக்கு ஏற்படுத்தியதும் சீட்டுதான். பின்னால் வந்த திட்டங்கள் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, 'முடிவு' என்ற பாதுகாப்பை மட்டும் விட்டுவிட்டன.

பரிசுச் சீட்டும் 1978-ஆம் ஆண்டுச் சட்டமும்

சீட்டை நெறிப்படுத்தத் தமிழ்நாடு 1961-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. அதே காலத்தில் நாடெங்கும் பரிசுச் சீட்டுகள் பெருகின. இதில் எல்லோரும் மாதத் தவணை கட்டுவார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர் பரிசை வாங்கிக்கொண்டு மீதித் தவணையிலிருந்து விடுபடுவார். மற்றவர்களுக்குக் கடைசியில் கட்டிய பணம் வட்டியின்றித் திரும்பக் கிடைக்கும். இடைக்காலத்தில் அந்தப் பணத்தை ஆளும் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கு. வங்கியல்லாத நிறுவனங்களை ஆராய இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு 1975-இல் அளித்த அறிக்கை, இத்திட்டங்களால் நடத்துவோருக்கே ஆதாயம் என்று கண்டு அவற்றைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது.

அதன் விளைவாகப் பிறந்தது 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம். உறுப்பினர் சேர்க்கையோடு தொடர்புடைய நிகழ்வைப் பொறுத்து, விரைவாகவோ எளிதாகவோ பணம் தருவதாகச் சொல்லும் திட்டத்தை இச்சட்டம் 'பணச்சுழற்சித் திட்டம்' என்று வரையறுத்தது. இத்தகைய திட்டத்தை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இலக்கு வைத்தது ஆள்சேர்ப்பின்மேல் நிற்கும் வருமானத்தை. ஆகவே அடுத்த தலைமுறைத் திட்டங்கள் தம் ஆள்சேர்ப்பை மறைக்க ஏதாவது ஒன்றை முன்னே நிறுத்த வேண்டியிருந்தது.

வட்டி முதலில், பொருள் பிறகு

1990-களில் முன்னே நின்றது உயர்ந்த வட்டி. தேக்கு மரத் திட்டங்களால் பெயர் பெற்ற அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-இல் சரிந்தது. அதே காலத்தில் சென்னையிலும் பிற நகரங்களிலும் பல நிதி நிறுவனங்கள் மூடப்பட்டன. இந்தச் சரிவுகளின் நடுவே, 1997-இல், முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, தனி நீதிமன்றத்தின் வழியாக முதலீட்டாளருக்குப் பங்கிட இச்சட்டம் வழிசெய்தது. இதன் செல்லுபடியை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. வழக்குகளை விசாரிக்கப் பொருளாதாரக் குற்றப் பிரிவும் செயல்படத் தொடங்கியது. ஆனால் பணம் முடங்கிய பிறகே இந்த ஏற்பாடு வேலை செய்யும். முடக்கப்பட்ட சொத்தின் மதிப்பு பெரும்பாலும் கட்டப்பட்ட தொகைக்கு ஈடாவதில்லை.

பொருளை முன்னே நிறுத்தும் முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1940-களில் கலிஃபோர்னியாவில் வைட்டமின் மாத்திரை விற்பனைக்காக உருவான கமிஷன் அடுக்குமுறையை அடியொற்றி 1959-இல் ஆம்வே தொடங்கப்பட்டது. 1979-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், சில விற்பனை விதிகளைக் கருத்தில் கொண்டு, அந்நிறுவனம் சட்டவிரோதப் பிரமிடு அல்ல என்று தீர்மானித்தது. உலகெங்கும் இத்தொழில் பரவ அத்தீர்ப்பு வாயிலாக அமைந்தது. ஆம்வே இந்தியாவில் 1998-இல் விற்பனையைத் தொடங்கியது.

இந்திய நீதிமன்றங்கள் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு இம்முறையை அளந்தன. 2007-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், ஆம்வேயின் திட்டம் பணச்சுழற்சித் திட்ட வரையறைக்குள் வருவதாகக் கருதியது. 2022-இல் அமலாக்கத் துறை, பிரமிடு மோசடி என்று குற்றஞ்சாட்டி அந்நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. சென்னையில் கோல்டு குவெஸ்ட் நிறுவனம் தங்க நாணயங்களை இதே முறையில் விற்றது. 2003-இல் காவல்துறை வழக்குப் பதிந்தது. புகார்தாரர்களோடு சமரசம் ஏற்பட்டதை ஏற்று அவ்வழக்கை ரத்து செய்வதற்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் இசைந்தது. புகார் கொடுத்தவருக்குப் பணம் திரும்பினால் வழக்கு முடிந்துவிடலாம். புகார் கொடுக்கத் தெரியாத, கொடுக்கத் தயங்கிய கீழ்வரிசையினரின் இழப்பு அப்படியே நிற்கும்.

கைப்பேசிக் காலம்

2020-க்குப் பின் வட்டியும் பொருளும் ஆள்சேர்ப்பும் கைப்பேசியில் கலந்தன. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாகக் கூறி, முகவர்கள் வழியாகச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு தெரிவித்தது. 2022 மே மாதத்தில் அங்கு சோதனைகள் நடந்தன. மரக்காணத்துக்கு வடமேற்கே உள்ள செய்யாறு, ஆரணி வட்டாரங்களிலும் அதன் கிளைகள் இருந்தன. கோவையில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்ற அடிப்படையில் இயங்கிய மைவி3 ஆட்ஸ் செயலிமீது வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் அந்நிறுவனத்துக்கு ஆதரவாகவே ஆயிரக்கணக்கானோர் நீலாம்பூரில் திரண்டனர். உறுப்பினர் தொகையைக் கட்டியவர்களின் பணம் திட்டத்துக்குள் சிக்கியிருக்கும்வரை, திட்டம் நடந்தால்தான் பணம் வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். புகார் தாமதமாவதற்கும் இந்த நம்பிக்கையே முதற் காரணம்.

அடுக்கின் கணக்கு

ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்ற விதியுள்ள திட்டத்தில் அடுக்குகள் 1, 5, 25, 125, 625, 3,125, 15,625 என்று பெருகும். இந்த ஏழு வரிசைகளின் கூட்டுத்தொகை 19,531. மரக்காணம் பேரூராட்சியின் மொத்த மக்கள்தொகையே கைக்குழந்தைகள் உட்பட ஏறத்தாழ இந்த அளவுதான். எட்டாம் வரிசைக்குப் புதிதாக 78,125 பேர் வேண்டும். எந்த வரிசையில் திட்டம் நின்றாலும், சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் தமக்குக் கீழே ஒருவரும் இல்லாத கடைசி வரிசையில் நிற்பார்கள். கடைசி இரண்டு வரிசைகளையும் சேர்த்தால் 96 விழுக்காடு. உழைப்போ பேச்சுத்திறனோ இந்த விகிதத்தை மாற்றாது. ஒருவர் மேலேறினால் அவருக்குக் கீழே மேலும் பலர் சேர்ந்திருக்கிறார்கள் என்றே பொருள்.

இதை ஒரு வீட்டின் அளவில் எடுத்துக்காட்டாகக் கணக்கிடலாம். கமிஷனுக்குத் தகுதி பெற மாதம் 2,000 ரூபாய்க்குப் பொருள் வாங்க வேண்டும், கீழ்வரிசைக் கொள்முதலில் 5 விழுக்காடு கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரைச் சேர்த்த பெண்மணிக்கு அவர்கள் வாங்கும் 10,000 ரூபாய்க்கு 500 ரூபாய் வரும். அவர் செலவு 2,000. அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால், 30 பேரின் 60,000 ரூபாய்க் கொள்முதலுக்கு 3,000 ரூபாய் வரும். கொள்முதல் போக மீதி 1,000 ரூபாய். அந்த மீதிக்குப் பின்னால், 500 ரூபாய் பெற்று 2,000 செலவிடும் ஐந்து வீடுகளும், ஒன்றும் பெறாமல் 2,000 செலவிடும் 25 வீடுகளும் இருக்கின்றன. கூட்டத்துக்குப் போகும் பேருந்துக் கட்டணம், விட்டுப்போன ஒருநாள் கூலி, கைப்பேசிச் செலவு ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

மழை மூன்று மாதங்களிலும் தகுதிக் கொள்முதல் நிற்காது. எடுத்துக்காட்டின்படி அது 6,000 ரூபாய். அரசு தரும் மழைக்கால நிவாரணமோ 5,000. வாங்கிய சோப்பும் சத்துமாவும் வீட்டில் பயன்படலாம். ஆனால் எல்லா அடுக்குகளின் கமிஷனும் அவற்றின் விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், ஊர்க்கடைச் சரக்கோடு போட்டியிட்டு அவற்றை விற்பது கடினம். விற்காத பெட்டிகள் கட்டிலுக்கடியில் காலாவதித் தேதியை எதிர்நோக்கிக் கிடக்கும். மகளிர் குழுக் கடனையோ நகை அடகையோ கொண்டு சேர்ந்திருந்தால், பொருள் விற்காவிட்டாலும் வாரத் தவணை தவறாமல் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கு மரக்காணத்துக்கு மட்டும் உரியதன்று. பல அடுக்கு நிறுவனங்கள் தாமே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் அலுவலர்கள் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கை, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவாகவோ பெற்றதாகக் காட்டியது. அவ்வறிக்கைகளில் பெரும்பாலானவை பங்கேற்போரின் செலவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்றைய சட்டநிலை

நேரடி விற்பனைக்கு 2016-இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் அவற்றுக்குச் சட்ட வலு தந்தன. இவ்விதிகளின்படி பிரமிடு திட்டமோ பணச்சுழற்சித் திட்டமோ நடத்தக் கூடாது. நேரடி விற்பனையாளரிடம் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். கண்காணிக்கும் பொறுப்பு மாநில அரசுகளுடையது.

முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் 2019-இல் வந்தது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பரிசுச் சீட்டும் பணச்சுழற்சியும் இச்சட்டத்தின்படி முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டமாகவே கருதப்படும். நிறுவனத்தோடு முகவரும் பொறுப்பாவார் என்பது கீழ்வரிசைக் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. உறவினரிடம் பணம் வாங்கிக் கட்டியவர், தாமும் ஏமாந்தவராக இருந்தபடியே, சேர்த்துவிட்டவர் என்ற முறையில் விசாரணைக்கு ஆளாக நேரலாம். பணமிழப்போடு சட்ட ஆபத்தும் சேரும் இடம் இதுவே.

ஆய்வின் முடிவுகள்

பரிசு, வட்டி, மாத்திரை, நாணயம், விளம்பரம் என முன்னே நின்றது காலந்தோறும் மாறினாலும், புதிய ஆளின் பணமே பழைய ஆளின் வருமானம் என்ற அடிப்படை மாறவில்லை. 1978, 1997, 2019, 2021 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் விதிகளும் திட்டங்கள் பரவிய பின்னரே வந்தவை. எனவே முதற் பாதுகாப்பு சேருவதற்கு முன் கேட்கும் கேள்விகளில்தான் இருக்கிறது: இனி ஓர் ஆள்கூடச் சேராவிட்டாலும் இந்தத் திட்டத்தில் பணம் வருமா? சேருவதற்குக் கட்டணம் உண்டா? விற்காத பொருளை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளுமா?

உப்பளக் கரையில் இழப்பின் ஆழம் கூடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பாத்தி மூழ்கிக் கிடக்கும் மாதங்களில் ஒரு வீட்டுக்கு அரிசியும் கைமாற்றும் தருபவர்கள் பக்கத்து வீட்டாரும் பங்காளிகளும் சம்பந்திகளுமே. சங்கிலித் திட்டம் கீழ்வரிசைக்குத் தேடுவதும் அவர்களைத்தான். ஏலச்சீட்டு 20 மாதத்தில் முடியும்போது அந்த உறவு அடுத்த சீட்டுக்கு மிஞ்சி நிற்கும். சங்கிலி அறும்போது பணத்தோடு அந்த உறவும் அறுந்து, அடுத்த ஐப்பசியில் கைமாற்று கேட்க வாசல் இல்லாமல் போகிறது.