துறைமுகக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

போன கிழமை ஒரு சகோதரர் கேட்டார்: "சேர், கப்பல்துறையில கண்டி வீதியை அண்டி 20 பேர்ச் மலிவா வருது. மகளுக்கு எடுத்து வைக்கலாமா? துறைமுகம் வளர்ந்தா விலை மூணு மடங்காகுமாம்."

விலை ஏறுமா என்று சொல்ல நாங்கள் தரகர்கள் இல்லை, படிப்பிக்கிறவர்கள். ஆனால் இந்தக் காணிகளின் கதை கொஞ்சம் தெரியும்.

1795 இல் கோட்டையைப் பிடித்த பிரித்தானியர் 1957 வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்கென்று பெரும் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இந்தத் தளத்தைத் தேடித்தான். 2022 ஜனவரியில் மிச்சமிருந்த 99 தாங்கிகளில் 61 கூட்டுக் கம்பனிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐஓசிக்கும் என்று பிரிந்தன.

வெள்ளைக்காரன் போனான், கோடு போகவில்லை. 1984 இல் துறைமுகத்தைச் சுற்றி 5000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் துறைமுக அதிகார சபையின் கைக்குப் போனது. முத்துநகர் விவசாயிகள் 2025 இல் சூரிய மின் திட்டத்துக்கு வயலைப் பறிகொடுத்துத் தெருவில் இருந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

உறுதி இருந்தால் பயமில்லை என்பார்கள். சம்பூரைப் பாருங்கள். 2006 இல் யுத்தத்தால் வெளியேறிய சனங்களின் ஊர் 2007 இல் உயர் பாதுகாப்பு வலயமானது. 2012 இல் அதில் கைத்தொழில் வலயம் வந்தது. முதலீட்டுக்குக் கொடுத்த 818 ஏக்கர் 2015 இல்தான் திரும்பியது. உறுதியை வைத்துக்கொண்டே முகாமில் ஒன்பது வருடம்!

ஆகவே விலைக்கு முன் கேட்க வேண்டியது, இது உறுதிக் காணியா, ஒப்பக் காணியா என்பதை. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ஒப்பக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வெறும் முத்திரைத் தாளில் எழுதி வாங்கினார். விற்றவர் மௌத்தானதும் பிள்ளைகள் "எங்கட காணி" என்று வந்து நின்றார்கள். காசும் போச்சு, உறவும் போச்சு.

உறுதி சரி என்றாலும் வேலை முடியவில்லை. அளவைப் படத்தைக் கொண்டுபோய் துறைமுகக் கோட்டுக்குள் விழுகிறதா என்று கேட்க வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978 சட்டப்படி பிரகடனமான பகுதி என்றால், அங்கே வீட்டுக்கு இடமா, கைத்தொழிலுக்கு இடமா என்றும் பார்க்க வேண்டும். வயலாக இருந்தால் 2000 ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்து அனுமதி எடுக்காமல் ஒரு லோட் மண்ணும் கொட்டக் கூடாது. துறைமுகம் வளரும் என்கிற அதே பேச்சு வீட்டுக் காணியைக் கோட்டுக்குள் இழுத்தும் விடலாம். தரகர் அதைச் சொல்வதில்லை.

திங்கட்கிழமை அந்தச் சகோதரரோடு நாங்களும் காணிப் பதிவகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் போகிறோம். அளவைப் படம் இன்னும் தரகரிடம். கேட்டால், "முற்பணத்தைக் கட்டுங்க, பிறகு தாறேன்" என்கிறாராம்.